கொடைக்கானலைப் பார்த்த மாடிகள்

எண்பதுகளின் பிற்பகுதியில் மதுரை மொட்டைமாடிகளில் இருந்த டி.வி. ஆன்டெனாக்களில் பெரும்பாலானவை ஒரே திசையைப் பார்த்து நின்றன: வடமேற்கு. அங்கே, நேர்கோட்டில் 75 கிலோமீட்டருக்குச் சற்று அப்பால், கொடைக்கானல் மலைமேல் தூர்தர்ஷனின் உயர்திறன் ஒளிபரப்பு நிலையம் இருந்தது. டி.வி. அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் போகிறவை. பூமியின் வளைவு குறுக்கே வந்துவிட்டால் அதற்கு அப்பால் இருப்பவர்களுக்குப் படம் கிடையாது. 2,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்திலிருந்து புறப்பட்டதால்தான் அந்த அலை வாடிப்பட்டி, சோழவந்தான், திருமங்கலம், மேலூர் என்று வைகைச் சமவெளியில் இறங்க முடிந்தது.

இன்று அதே மாடிகளில் தண்ணீர்த் தொட்டியும் சில இடங்களில் சோலார் தகடும் இருக்கின்றன. ஆன்டெனா நின்ற இரும்புக் குழாய் எங்காவது மிஞ்சியிருந்தால் அதில் துணிக்கொடி கட்டியிருக்கிறார்கள். படம் இப்போது தெருக்கம்பத்திலிருந்து 0.125 மில்லிமீட்டர் தடிமனுள்ள கண்ணாடி இழைக்குள் ஒளியாக ஓடி வீட்டுக்குள் நுழைகிறது. சுவரில் மாட்டிய சின்னப் பெட்டியில் மின்குறியாக மாறி, அங்கிருந்து வைஃபை அலையாகக் கூடத்து டி.வி.க்குப் போகிறது.

இந்த நாற்பது ஆண்டுகளில் படத்தின் தெளிவு பல மடங்கு கூடியிருக்கிறது. ஆனால் படம் எப்படி வருகிறது, எதனால் கெடுகிறது என்ற அறிவு வீட்டைவிட்டு வெளியேறிவிட்டது. அதை மறுபடி வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

படம் தேடிப் போன காலம்

மதுரைக்காரர்களுக்குப் படம் என்றால் முதலில் தியேட்டர்தான். 1937-இல் வந்த ‘சிந்தாமணி’யின் லாபத்தில் ராயல் டாக்கி நிறுவனத்தார் மதுரையில் கட்டிய தியேட்டருக்கு அந்தப் படத்தின் பெயரையே வைத்தார்கள். 1952-இல் ‘பராசக்தி’யோடு திறந்த தங்கம் தியேட்டரில் 2,500 பேருக்கு மேல் ஒரே நேரத்தில் உட்காரலாம். விக்டோரியா எட்வர்டு மன்றத்துக் கட்டடத்தில் மாலை நேரங்களில் ரீகல் தியேட்டராக ஆங்கிலப் படம் ஓடியது. அங்கெல்லாம் படத்தின் தெளிவு பார்ப்பவரின் கவலை இல்லை. படம் மங்கினால் விசில் பறக்கும், ஆபரேட்டர் சரிசெய்வார்.

வீட்டுக்கு டி.வி. வந்ததும் அந்த ஆபரேட்டர் வேலை வீட்டுக்காரர் தலையில் விழுந்தது. சென்னையில் 1975 ஆகஸ்ட் 15-இல் தூர்தர்ஷன் தொடங்கியபோது அதன் அலை தென்மாவட்டங்களை எட்டவில்லை. 1982-இல் இலங்கையின் ரூபவாஹினி தொடங்கியதும் ராமநாதபுரம், தூத்துக்குடிக் கடலோரங்களில் உயரமான கம்பம் நட்டு, அலையை வலுவாக்கும் பூஸ்டர் வைத்து, கடல் தாண்டி வந்த அலையைப் பிடித்தார்கள். காற்றின் வெப்பமும் ஈரமும் ஒத்துவந்த இரவுகளில் உள்நாட்டிலும் அது எட்டிப் பார்த்தது. பிறகு கொடைக்கானல் வந்தது. வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’, ஞாயிறு மாலை தமிழ்ப்படம், 1987 முதல் ஞாயிறு காலை ‘ராமாயணம்’ என்று, டி.வி. இருந்த ஒவ்வொரு வீடும் தெருவுக்குப் பொதுவாயிற்று.

ஆன்டெனா திருப்புவது மூன்று பேர் வேலை. மாடியில் ஒருவர் குழாயைப் பிடித்திருப்பார், சன்னலோரம் ஒருவர் செய்தி சொல்வார், டி.வி. முன்னால் ஒருவர் தீர்ப்பு சொல்வார். “அண்ணே, இன்னுங் கொஞ்சம் மேக்க திருப்புங்க!” என்ற குரல் தெருமுனை வரை கேட்கும். பத்து வயதுப் பையனுக்கும் அந்த வேலையில் பங்கு உண்டு. அதில் அவன் கற்றுக்கொண்டது ஏராளம்.

காரணம், அன்றைய படம் கெடும்போது தன் நோயைத் தானே சொல்லிவிடும். புள்ளி அடித்தால் அலை வலுவிழந்து வருகிறது என்று பொருள்: ஆன்டெனாவை உயர்த்து, அல்லது பூஸ்டர் போடு. ஆளுக்குப் பக்கத்தில் இன்னொரு நிழல் ஆள் தெரிந்தால், அலை ஏதோ கட்டடத்திலோ குன்றிலோ மோதிச் சற்றுப் பிந்தி மறுபடி வந்து சேர்கிறது: திசையை மாற்று. குறுக்கே கோடு ஓடினால் தெருவில் மோட்டார் சைக்கிள் போகிறது, இல்லையென்றால் பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடுகிறது: கொஞ்சம் பொறு. 625 வரிகளில் வினாடிக்கு 25 முறை வரையப்பட்ட அந்தப் படம் இன்றைய கண்ணுக்கு மங்கலாகத்தான் தெரியும். ஆனாலும் கோளாற்றைப் படித்து மருந்து கண்டுபிடிக்கத் தெருவுக்கு நாலு பேர் இருந்தார்கள்.

டெக்கும் கேபிளும்

அடுத்து, வீடியோ கேசட் ஓட்டும் டெக் வந்தது. சடங்கு வீடு, கல்யாண வீடு, திருவிழா முடிந்த இரவு என்று டி.வி.யையும் டெக்கையும் வாடகைக்கு எடுத்து, விடிய விடிய மூன்று படம் பார்த்தார்கள். வி.எச்.எஸ். கேசட்டின் தெளிவு சுமார் 240 வரிதான், ஒளிபரப்பைவிடக் குறைவு. ஆனால் எந்தப் படம், எத்தனை மணிக்கு என்பதை வீட்டார் முடிவுசெய்தது அதுவே முதல்முறை. வேண்டியதை வேண்டிய நேரத்தில் பார்க்கும் இன்றைய பழக்கம் அந்த ஒரு ராத்திரி வாடகையில்தான் தொடங்கியது.

1993 ஏப்ரல் 14-இல் சன் டி.வி. தொடங்கியபின் கேபிள் வேகமாகப் பரவியது. கேபிள்காரர் தம் மாடியில் பெரிய தட்டு வைத்து, அங்கிருந்து மாடிக்கு மாடி கறுப்பு ஒயர் இழுத்தார். ஒயர் நீள நீளக் குறி மெலியும் என்பதால் வழியில் ஆங்காங்கே ஆம்ப்ளிஃபையர் வைத்தார். அந்த ஆம்ப்ளிஃபையருக்கு மின்சாரம் போனால், நம் வீட்டில் கரண்ட் இருந்தும் படம் நிற்கும். இதுவும் தெருவுக்கே தெரிந்த அறிவுதான்: “அடுத்த லைன்ல கரண்ட் இல்ல, அதான் கேபிள் வரல” என்று வாசலில் உட்கார்ந்திருக்கும் பாட்டி சொல்லிவிடுவார். 2011 செப்டம்பரில் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்பு தந்தபோது படம் ஏறக்குறைய எல்லா வீட்டுக்கும் பொதுவாயிற்று.

2017-க்குப் பிறகு செட்டாப் பாக்ஸ் பரவியபோதுதான் அந்தப் பழைய பேச்சு நின்றது. டிஜிட்டல் படத்தில் புள்ளி இல்லை, நிழல் இல்லை. குறி ஓரளவுக்கு மேல் இருந்தால் படம் முழுமையாக வரும். அதற்குக் கீழே போனால் கட்டம் கட்டமாக உடைந்து உறைந்துவிடும். நடுநிலை கிடையாது. தெளிவு கூடியபோதே கோளாறு வாய் மூடிக்கொண்டது.

மேலூரிலும் தேனியிலும் நடந்தது

இணையத்தின் வழியே படம் அனுப்பும் கதையில் மதுரைச் சீமைக்கு உலகம் கவனித்த இரண்டு அத்தியாயங்கள் உண்டு. ஊர்க்காரர்களே அதிகம் பேசாதவை அவை.

முதலாவது, 2001-இல் மேலூர் வட்டாரத்தில் தொடங்கிய சாரி திட்டம். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு உருவாக்கிய கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொடர்பைக் கொண்டு, கிராமங்களில் இணையக் கடைகள் திறந்தார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யும் ஹார்வர்டும் இதில் பங்கெடுத்தன. கிராமத்தார் தாலுகா அலுவலகத்துக்கு மனு அனுப்பினார்கள். கண் நோயாளியின் கண்ணை வெப்கேமராவில் படம்பிடித்து மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அந்தத் தொடர்பின் வேகம் வினாடிக்கு 35 அல்லது 70 கிலோபிட். இரண்டு மணி நேர எச்.டி. படம் ஒன்று சுமார் நாலரை ஜி.பி. என்று வைத்துக்கொண்டால், 70 கிலோபிட் வேகத்தில்கூட அது வந்து சேர ஏறக்குறைய 6 நாள் ஆகும். அந்தக் கடைகளில் பெரும்பாலானவை சில ஆண்டுகளிலேயே மூடிவிட்டன. ஆனால் ஒரு கண்ணின் நிழற்படம் கிராமத்திலிருந்து மருத்துவரிடம் போய்ச்சேர முடியும் என்பது நிரூபணமாயிற்று.

இரண்டாவது, 2005-ஐ ஒட்டித் தேனியில் நடந்தது. முன்பு மதுரை மாவட்டத்தின் மேற்குப் பகுதியாக இருந்த தேனியில், அரவிந்த் மருத்துவமனையையும் சுற்றியுள்ள அதன் கண் மையங்களையும் வைஃபை மூலமாகவே இணைத்தார்கள். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் எரிக் புரூவரின் குழு அதைச் செய்தது. வைஃபை வீட்டுக்குள் சில அறைகளைத் தாண்டுவதற்கென்று வகுக்கப்பட்ட முறை. ஒரு துண்டுத் தகவல் அனுப்பியதும் “கிடைத்தது” என்ற பதிலுக்கு அது காத்திருக்கும். குறித்த நேரத்துக்குள் பதில் வராவிட்டால் தொலைந்ததாக எண்ணி மறுபடி அனுப்பும். பல கிலோமீட்டர் தூரத்தில் அந்தப் பதில் பிந்துவதால் தொடர்பு தடுமாறியது. துண்டுக்குத் துண்டு பதில் கேட்பதை விட்டுவிட்டு, அனுப்பும் நேரம், வாங்கும் நேரம் என்று முறை வகுத்து அந்தக் குழு அதைச் சரிசெய்தது. கிராமத்து மையத்தில் உட்கார்ந்த நோயாளி தேனியில் இருந்த மருத்துவரை முகம் பார்த்துப் பேசினார். ஊருக்கு நல்ல இணையம் வருவதற்கு முன்பே, உள்ளூர் வலைப்பின்னல் ஒன்று இங்கே நேரலைப் படத்தைச் சுமந்தது.

தேனியில் கிடைத்த பாடம் இன்றைய வீட்டுக்கும் பொருந்தும். இணையம் வேறு, வீட்டுக்குள் இருக்கும் வலை வேறு. நோயாளியின் முகம் தேனியை எட்டியது உள்ளூர் வலை சரியாக அமைக்கப்பட்டதால்.

கல்யாணம் வீட்டுக்கு வந்த நாள்

2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்தது. 2019-க்குப் பிறகு மதுரைத் தெருக்களில் ஃபைபர் இழுப்பது வேகமெடுத்தது. அன்று கறுப்பு ஒயர் இழுத்த கேபிள்காரர்களில் பலர் இன்று பிராட்பேண்ட் இணைப்பு தருகிறார்கள். அதே கம்பம், அதே ஆள், புது இழை.

இந்த மாற்றம் எவ்வளவு ஆழமானது என்று ஊர் உணர்ந்தது 2020 மே 4 அன்று. கொரோனா ஊரடங்கால் சித்திரைத் திருவிழா நடக்கவில்லை. மீனாட்சி திருக்கல்யாணம் மட்டும் கோயிலுக்குள் சில சிவாச்சாரியார்களோடு நடந்தது. அறநிலையத் துறை அதை இணையத்தில் நேரலையாகத் தந்தது. ஆண்டுதோறும் ஆடி வீதியிலும் சித்திரை வீதிகளிலும் நெருக்கி நின்று, அம்மனுக்கு மங்கலநாண் ஏறும் அந்த நேரத்தில் தங்கள் தாலிக்கயிற்றை மாற்றிக்கொள்ளும் பெண்கள், அன்று வீட்டில் திரைமுன் நின்று மாற்றிக்கொண்டார்கள். அதே ஊரடங்கின் தொடக்கத்தில், இந்தியாவில் வீடியோ நிறுவனங்கள் செல்பேசி வலையில் எச்.டி. தருவதை நிறுத்தி 480 வரிக்குள் குறைத்துக்கொண்டன. நாட்டின் வலை அத்தனை பாரத்தைத் தாங்க வேண்டியிருந்தது.

அப்படிப்பட்ட ஒரு முகூர்த்த நேரத்தில் படம் நின்று நடுவில் வட்டம் சுற்றத் தொடங்கினால் என்ன செய்வது? நம் ஊரில் இதற்குச் சொல்வது ஒரே வார்த்தை: “சுத்துது.” அனுப்பும் இடத்தில் கோளாறா, வரும் வழியிலா, நம் வீட்டுக்குள்ளா என்று அந்த வட்டம் சொல்லாது. மூன்று நோய்க்கும் ஒரே அறிகுறி.

வேகம் வாங்கியும் ஏன் சுற்றுகிறது?

எச்.டி. படத்தின் அளவை முதலில் பார்ப்போம். 1920-க்கு 1080 புள்ளிகள் கொண்ட படம், வினாடிக்கு 30 முறை. சுருக்காமல் அப்படியே அனுப்பினால் வினாடிக்கு சுமார் 1,500 மெகாபிட் வேண்டும். ஒரு காட்சிக்கும் அடுத்ததற்கும் இடையே மாறாத பகுதிகளைத் திரும்ப அனுப்பாமல் விடுவது போன்ற உத்திகளால் அதை 5 மெகாபிட் அளவுக்குச் சுருக்குகிறார்கள். எச்.டி.க்கு 5 மெகாபிட்டும் 4கே-வுக்கு 15 மெகாபிட்டும் போதும் என்று நெட்ஃபிளிக்ஸே பரிந்துரைக்கிறது. அப்படியானால் 100 மெகாபிட் திட்டம் வாங்கிய வீட்டில் மூன்று டி.வி. ஒரே நேரத்தில் எச்.டி. பார்த்தாலும் 15 மெகாபிட்தான் செலவு. ஆனாலும் சுற்றுகிறது. உடனே 200-க்கு மாற்றுகிறார்கள், பிறகு 300-க்கு. பணம் போகிறது, வட்டம் போவதில்லை.

கோளாறு பல வீடுகளில் கடைசி இருபது அடியில் இருக்கிறது. ஃபைபர் தெருவிலிருந்து நுழைகிற இடத்திலேயே பெட்டியை மாட்டிவிட்டுப் போகிறார்கள், அதாவது வாசல்நிலைக்கு மேலே, மீட்டர் பலகைக்குப் பக்கத்தில். மாசி வீதி, ஆவணி மூல வீதிச் சந்துகளில் உள்ள பழைய வீடுகள் முகப்பில் குறுகி உள்ளே நீண்டு போகிறவை. செங்கல்லும் சுண்ணாம்புமான தடித்த சுவர்கள் இரண்டு மூன்றைத் தாண்டித்தான் அலை பின்கட்டுக்குப் போக வேண்டும். அய்யர் பங்களா, வில்லாபுரம், திருநகர் பக்கத்துப் புது வீடுகளில் சுவர் மெல்லியது. ஆனால் கம்பி கட்டிய கான்கிரீட் தளம் கீழ்த்தளத்துக்கும் மாடிக்கும் நடுவே அலையை மறிக்கிறது. வழியில் ஓர் இரும்பு பீரோ இருந்தால் அதன் பின்னால் இருக்கும் அறைக்கு வந்துசேர்வது மிச்சம்தான்.

வைஃபைக்கு இரண்டு அலைவரிசைகள் உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டும், ஆனால் அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றே மூன்று: 1, 6, 11. சுவரோடு சுவர் ஒட்டிய சந்தில் இருக்கும் வீடுகள் எல்லாம் அந்த மூன்றைத்தான் பங்குபோட்டுக்கொள்கின்றன. 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம். 2018 அக்டோபரில் இந்திய அரசு அதன் பெரும்பகுதியை உரிமம் இன்றிப் பயன்படுத்த அனுமதித்தது. ஆனால் அது சுவரில் சீக்கிரம் மெலியும். எனவே பெட்டி இருக்கும் அறையில் 5, சுவர்களுக்கு அப்பால் 2.4 என்பதே பொது விதி.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். வைஃபையில் ஒரே சேனலில் ஒரு நேரத்தில் பெரும்பாலும் ஒரு கருவிதான் பேச முடியும். ஊர்ப் பஞ்சாயத்தில் ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர்கள் காத்திருப்பதைப் போலத்தான் அதுவும். பின்கட்டில் மெலிந்த அலையில் தட்டுத்தடுமாறும் ஒரு பழைய செல்பேசி, அதே தகவலைச் சொல்லி முடிக்க நீண்ட நேரம் எடுக்கும். அதுவரை அதே சேனலில் இருக்கும் கூடத்து டி.வி. காத்திருக்கும். நடுவில் வைக்கும் மலிவான ரிப்பீட்டர், கேட்டதையே அதே அலைவரிசையில் மறுபடி சொல்வதால் வேகத்தில் ஏறக்குறைய பாதியை விழுங்கிவிடும்.

படம் நிற்பதற்கு முன்னால் இன்னொரு மாற்றமும் நடக்கிறது. இணையப் படங்களைச் சில வினாடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் பல தரங்களில் வைத்திருக்கிறார்கள். நம் வேகத்தை டி.வி. அளந்து, குறைந்தால் மட்டமான தரத்துத் துண்டை எடுத்துக்கொள்கிறது. எச்.டி.க்குப் பணம் கட்டிய வீட்டில் 480 வரிப் படம் ஓடிக்கொண்டிருக்கும், யாருக்கும் தெரியாது. ஆன்டெனா காலத்தில் மங்கினால் எழுந்து மாடிக்குப் போனோம். இப்போது மங்கலை ஏற்றுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

கோளாற்றை மறுபடி பேசவைக்கலாம்

அதைப் பேசவைக்க எளிய வழிகள் இருக்கின்றன. டி.வி. சுற்றும்போது செல்பேசியைப் பெட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோய், அதன் வைஃபையிலேயே அதே படத்தைப் போட்டுப் பாருங்கள். அங்கேயும் சுற்றினால் கோளாறு பெரும்பாலும் வெளியே, இணைப்புக்காரரைக் கூப்பிடலாம். அங்கே நன்றாக ஓடினால் கோளாறு வீட்டுக்குள். பெட்டியை நகர்த்துங்கள், அல்லது பெட்டியிலிருந்து டி.வி.க்கு நேராக லேன் ஒயர் போடுங்கள். ஒயர் போட்டதும் சரியானால் வைஃபைதான் காரணம் என்பது உறுதி. திட்டத்தை உயர்த்த வேண்டியதே இல்லை.

இணையமே இல்லாமல் செய்யும் சோதனை ஒன்றும் உண்டு. அது சோதனையாக மட்டும் நிற்காது, வீட்டுக்கு ஒரு சொத்தும் ஆகும். மதுரை வீடுகளின் பரண்களில் கல்யாண கேசட்டுகள் இன்னும் கிடக்கின்றன. கேசட்டின் காந்தப் பூச்சு ஆண்டுக்கு ஆண்டு தேய்கிறது, ஓட்டிப் பார்க்க டெக்கும் அரிதாகிவிட்டது. சி.டி.யாக மாற்றியவர்களின் சி.டி.க்களும் கீறல் விழுந்து கெடுகின்றன. அவற்றையெல்லாம் கோப்புகளாக மாற்றி ஒரு ஹார்ட் டிஸ்க்கில் போட்டு, அதை வீட்டுக் கணினியிலோ, யு.எஸ்.பி. வசதியுள்ள பெட்டியிலோ இணைத்துவிட்டால், எந்த அறை டி.வி.யிலும் பார்க்கலாம். இதற்கென ஜெல்லிஃபின், கோடி போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. அம்மா அப்பா கல்யாணம் கூடத்தில் ஓடும். இணையக் கட்டணம் எதுவும் இல்லை, வெளியார் சர்வர் எதுவும் இல்லை. அந்தப் பழைய கேசட் படம் தடங்கலின்றி ஓடி, இப்போது எடுத்த கல்யாணத்தின் எச்.டி. கோப்பு மட்டும் தடுமாறினால், வீட்டு வலையின் பலம் எவ்வளவு என்று அதிலிருந்தே தெரிந்துவிடும். கேமராவிலிருந்து நேராக வந்த எச்.டி. கோப்புக்கு வினாடிக்கு 50 மெகாபிட் வரை தேவைப்படலாம். நெரிசலான 2.4 கிகாஹெர்ட்ஸ் அதைச் சுமப்பது கடினம். ஒரு லேன் ஒயர் எளிதில் சுமக்கும்.

நல்ல லேன் ஒயர் 100 மீட்டர் வரை வினாடிக்கு 1,000 மெகாபிட் தாங்கும். சுவரும் பீரோவும் பக்கத்து வீட்டு வைஃபையும் அதைத் தொடுவதில்லை. மதுரையைச் சுற்றி ஒத்தக்கடையிலிருந்து நாகமலை வரை புது வீடுகள் எழும்பிக்கொண்டே இருக்கின்றன. எல்லா வீட்டிலும் கொத்தனாரும் எலக்ட்ரீஷியனும் மின்ஒயருக்குக் குழாய் பதிக்கிறார்கள். இணைய ஒயருக்கென்று தனிக் குழாய் கேட்கும் வீட்டுக்காரர் குறைவு. வீடு முடிந்தபின் சுவரை உடைத்துப் பதிக்க யாருக்கும் மனம் வருவதில்லை, வாழ்நாள் முழுவதும் ரிப்பீட்டர் வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தளம் போடுவதற்கு முன்பே, வாசலிலிருந்து கூடத்தின் நடுப்பகுதிக்கும் ஒவ்வொரு தளத்துக்கும் மின்ஒயர்க் குழாயை ஒட்டாமல் தனியாக ஒரு குழாய் பதியுங்கள், அதில் லேன் ஒயர் ஓடட்டும். இணைப்பு கொடுக்க வருகிறவரிடம், பெட்டிக்குப் பக்கத்தில் காட்டும் வேகத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், டி.வி. இருக்கும் இடத்தில் அளந்து காட்டச் சொல்லுங்கள். அந்த அளவை வீட்டுப் பிள்ளைகள் எழுதிவைக்கட்டும். அடுத்த முறை சுற்றும்போது எங்கே தேடுவது என்று அவர்களே சொல்வார்கள். மாதாமாதம் கட்டுகிற பணத்துக்கு முழுப் படமும் அப்போதுதான் நம் கூடத்துக்கு வந்துசேரும்.